மயங்கிய மீன்

வாய் கொப்பளிக்கச் சொம்பைத் தூக்கிய மூக்கன், தூக்கிய வேகத்திலேயே கீழே போட்டான்.

"இன்னாடி, கொதிக்கிற தண்ணிய மொண்டு வெச்சிருக்க?"

செங்கம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விடிந்து இன்னும் அடுப்பே மூட்டவில்லை. தை மாதக் குளிரில் ராத்திரி முழுக்க வாசலில் கிடந்த குடத்துத் தண்ணீர் அது. கையை விட்டுப் பார்த்தாள். விரல் விறைத்துப் போயிற்று.

புருஷன் விளையாடவில்லை. உதட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான், அது தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தவனைப் போல.

அப்போதுதான் பந்தல்காலில் தொங்கிய போன் அடித்தது. அங்கே தொங்கவிட்டால்தான் அந்த வீட்டுக்கு டவர் கிடைக்கும். அதனால் பேசுவதெல்லாம் ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில்தான்.

கூப்பிட்டவன் வேன் ஓட்டும் வெற்றிசெல்வன். கடலூர்ப் பக்கம் சவுக்கு வெட்டப் போயிருந்த மூக்கனை நேற்று சாயங்காலம் மலையில் இறக்கிவிட்டு, கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியிருந்தான்.

"மாமா, அந்த மீன ஆக்கிடாதீங்க. கம்பெனி தண்ணி கலந்து கடல்ல வெசப்பாசி புடிச்சிருக்குதாம். அந்த மீன தின்ன நாயிங்க கரையெல்லாம் செத்துக் கெடக்குதுன்னு இப்பதான் சொன்னாங்க."

ஆக்கியாயிற்று. மூக்கன் தின்றும் ஆயிற்று.

அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? கல்வராயன் மலையில் ஓடை வற்றுகிற நாளில் கள்ளிக் கொப்பை இடித்து மடுவில் கலக்குவார்கள். மீன்கள் மயங்கி மல்லாந்து மிதக்கும். அள்ளிவந்து குழம்பு வைப்பார்கள். பாட்டன் காலத்திலிருந்து தின்கிறார்கள், ஒருத்தருக்கும் வயிறு வலித்ததில்லை.

அந்தப் பழக்கத்தில்தான், பச்சையாகப் பாசி திரண்டு கிடந்த கடலோரத்தில் மீன்கள் மல்லாந்து வாய் பிளப்பதைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. கடலுக்கே எவனோ கள்ளிப்பால் ஊற்றிவிட்டான் என்று கூட வந்தவர்களிடம் கிண்டல் வேறு. தாம்பாளம் தாம்பாளமாக ஆமைகள் செத்துக் கிடந்ததைக்கூட வீட்டில் வந்து அதிசயம் போலத்தான் சொன்னான். துடித்த மீனாகப் பார்த்துப் பொறுக்கி, ஐஸ் போட்டுக் கொண்டுவந்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

செங்கம்மாள் போனைப் பார்த்துக் கத்தினாள்.

"வேன எடுத்துக்கினு ஓடியா தம்பி. உங்க மாமாவுக்குப் பச்சத்தண்ணி சுடுதாம்."

போனில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் மலைப்பாதையின் இத்தனை வளைவும் ஏறி வர வேண்டும், திரும்ப இத்தனையும் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. நர்மதா சாப்பிடவில்லை.

பத்து வயது மகள். அடுத்த முறை கூட்டிப்போய்க் கடல் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்த அப்பன் தனியாகப் போய்வந்ததில் அவளுக்கு ஆத்திரம். கடலைக் காட்டாதவர் மீன் எனக்கு எதற்கு என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பிள்ளை பட்டினி கிடக்கையில் தனக்கு எப்படி இறங்கும் என்று செங்கம்மாளும் அவள் பக்கத்திலேயே படுத்துவிட்டாள். அந்தப் பிடிவாதத்துக்காக நேற்று முதுகில் இரண்டு வைத்தவளுக்கு, இன்று அதே பிடிவாதத்தைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

இன்னொரு நிம்மதி, பூனை.

மிச்சக் குழம்பை மூடி வைத்திருந்தாள். காலையில் மூடியைத் தூக்கினால் சட்டி துடைத்து வைத்த மாதிரி இருந்தது, அடியில் நாலு முள் மட்டும். திருட்டுப் பூனையை அப்போதே விறகுக் கட்டையால் விரட்டியிருந்தாள்.

இப்போது அதைத்தான் தேடினாள். வேலியோரம் ஓணானைத் துரத்திக்கொண்டிருந்தது. ஒரு தள்ளாட்டம் இல்லை, ஒரு நுரை இல்லை. நாய் சாகிற விஷமென்றால் இத்துனூண்டு ஜீவன் இந்நேரம் விழுந்திருக்க வேண்டாமா? அவ்வளவு தின்ற பூனைக்கே ஒன்றும் இல்லையென்றால் ஆளுக்கு என்ன ஆகிவிடும்?

மூக்கன் கால் நிற்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தபடி அவள் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் அதுதான் டாக்டர்.

பூனை ஓணானை விட்டுவிட்டு ஓடிவந்து, அவள் காலை உரசிக்கொண்டு கத்தியது. சட்டி நிறையத் தின்றும் இதற்கு அடங்கவில்லையே என்று நினைத்தாள். அந்தக் கத்தல்கூட அவளுக்குத் தைரியமாக இருந்தது.

தெருக்குழாயில் முகம் கழுவப் போயிருந்த நர்மதா, பாதி நனைந்த முகத்தோடு திரும்பி வந்தாள். விரல்களை உதறி உதறி ஊதிக்கொண்டாள். அப்பன் மேல் இருந்த கோபம் இன்னும் தீரவில்லை போல. அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"யம்மா, தெருக்கொழாயில யாரும்மா சுடுதண்ணி வுட்டது?"

செங்கம்மாள் மூக்கனை விட்டாள். குனிந்து பூனையைத் தூக்கினாள்.

அதன் வயிறு பசியில் ஒட்டிக் கிடந்தது.