சர்வீஸுக்கு வந்த ஆள்

மலிவு விலை ரவுட்டர் வாங்குகிறவர்களைக் கண்டால் பவ்யத்துக்கு ரொம்பப் பிடிக்கும். பவ்யம் என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். திருடப் போகிற வீட்டில்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவான்.

முந்தின நாள் கடையில் ஒரு டீச்சர், வாங்கின ரவுட்டர் சரியில்லை என்று சண்டை போட்டதை அவன் பார்த்திருந்தான். "வித்ததோட எங்க வேலை முடிஞ்சுதும்மா. கம்பெனியக் கேளுங்க" என்று கடைக்காரர் கைவிரிக்க, டீச்சர் ரவுட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே போய் வீட்டைப் பார்த்து வைத்தான்.

காலை பத்து மணிக்குக் கழுத்தில் அட்டை, தோளில் பையோடு வாசலில் நின்றான். "கம்பெனிலேர்ந்து வரேன் மேடம். ரவுட்டர் சர்வீஸ்."

டீச்சர் கதவை அகலத் திறந்தார். "வாங்க தம்பி. பதினோரு மணிக்கு எனக்கு ஆன்லைன் கிளாஸ். நேத்து நாலு தடவை கட் ஆச்சு. இன்னைக்கும் ஆச்சுன்னா வேற டீச்சர் பாத்துக்கறோம்னுட்டாங்க. இருங்க, ஸ்டூல் எடுத்துட்டு வரேன்."

அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாட்டில் மழை பெய்வதே இப்படிப்பட்டவர்களால்தான் என்று நினைத்துக்கொண்டான். பீரோ உள்ளறையில் இருந்தது. அந்த அம்மா சமையலறைப் பக்கம் போனால் போதும்.

போகவில்லை. ஸ்டூலோடு திரும்பி வந்து எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

வேறு வழி? ரவுட்டரைத் தொட்டான், இஸ்திரிப் பெட்டியாகச் சுட்டது. "அலமாரிக்குள்ள அடைச்சு வெச்சா இப்படித்தான் மேடம்" என்று வெளியே எடுத்து வைத்தான். அப்போதும் விளக்கு மினுக்கியது. அடாப்டரில்தான் கோளாறு. வேஷத்துக்காகப் பையில் போட்டுவந்த நல்ல அடாப்டரை மாட்டினான்.

"மாடிக்கு சிக்னல் எடுக்கலையே தம்பி?"

உயரத்தில் ஆணி அடித்து மாட்டினான். வியர்த்துக் கொட்டியது. உழைத்துப் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

பத்தே முக்காலுக்குப் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. டீச்சர் போனில் எதையோ தட்டிப் பார்த்தார். "அட, பறக்குதே. உட்காருங்க, டீ போட்டுட்டு வரேன்."

பீரோ கொஞ்சம் முரண்டு பிடித்தது. நகைப் பெட்டியில் அவன் கை பட்டபோது, தோளில் ஏட்டின் கை விழுந்தது.

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" பவ்யமாகவே கேட்டான்.

"மூணு மாசமா அந்தக் கம்பெனிக்கு போன் பண்றேன், எடுக்க நாதியில்ல. அவன் வீடு தேடி ஆள் அனுப்புவானா? ஸ்டூல் எடுக்கப் போனப்பவே ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன்."

"அப்பவேவா?"

ஏட்டு சலித்துக்கொண்டார்.

"அரை மணி நேரமா தெருமுனையில வெயில்ல நிக்கறோம்டா. பச்சை விளக்கு எரிஞ்சு மெசேஜ் வந்தப்புறம்தான் உள்ள வரணும்னு டீச்சர் உத்தரவு."