வெளுத்த எண்ணெய்

ரப்பரை வெட்டியது நான்தான். சவர பிளேடால், ஓர் அங்குல நீளத்துக்கு.

டிராக்டரின் பின்னால் மாட்டி மருந்து அடிக்கிற பம்ப். அதன் வயிற்றுக்குள் மூன்று ரப்பர் வட்டுகள் இருக்கும், டயாஃப்ரம் என்பார்கள். அந்தப் பக்கம் மருந்துத் தண்ணீர், இந்தப் பக்கம் எண்ணெய், நடுவில் இந்த ரப்பர். ஒன்று கிழிந்தால் போதும். தண்ணீர் எண்ணெயில் கலந்து, பம்பின் மேலிருக்கிற சின்னக் கண்ணாடி வழியே தேன் நிறத்தில் தெரிகிற எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துவிடும்.

வெட்டி, திரும்ப மாட்டி, பத்து நிமிடம் ஓட்டினேன். வெளுத்தது.

காரணம் இருந்தது. என் மகள் ஒரு பம்ப் மெக்கானிக்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். முப்பது வருடமாகச் சந்தையில் விதையும் உரமும் விற்கிறவன் நான். எடை பார்க்காமல் ஒரு மூட்டையைக் கடைக்குள் விட்டதில்லை. மருமகனை மட்டும் விட்டுவிடுவேனா?

கிழிசல் ஒன்றில்தான். ஒன்று என்று சொன்னால் ஆள் நல்லவன். மூன்றும் போச்சு என்று சொன்னால் பிழைக்கத் தெரிந்தவன். இதில் எவன் எனக்கு வேண்டும் என்பதை மட்டும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

சாயங்காலம் மகள் வந்ததும் சொன்னேன். "பம்ப் மக்கர் பண்ணுது. உன் ஆளையே வரச் சொல்லேன், கை எப்படின்னு பாக்கலாம்."

தோட்டத்துக்கு மருந்து அடிப்பது அவள்தான். அந்தப் பம்ப் லேசாக இருமினாலும் அவளுக்குக் கேட்டுவிடும்.

"அப்படியாப்பா?" என்றவள் பம்ப் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

காலையில் வந்தான். வந்ததும் டிராக்டர் சாவியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கை உள்ளே இருக்கும்போது யாரும் தெரியாமல் ஓட்டிவிடக் கூடாதாம். குழாயில் மிச்சமிருந்த பிரஷரை இறக்கினான். அடியில் பேசின் வைத்து எண்ணெயை வடித்தான்.

"அடடா, இப்படி வெளுத்திருக்கே!" என்றேன். என் முகத்தில் இருந்த அப்பாவித்தனத்துக்குப் பச்சைக் குழந்தை தோற்றுப்போகும்.

முதல் ரப்பரைக் கழற்றித் துடைத்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வளைத்துப் பார்த்தான். கீழே வைத்தான். இரண்டாவது. அதையும் வைத்தான்.

மூன்றாவதுதான் என்னுடையது. அதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தான்.

"மூணும் நல்லா இருக்குங்க ஐயா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன தம்பி, கண்ணு தெரியுமில்ல? எண்ணெய் சும்மாவா வெளுக்கும்? ஒண்ணு கண்டிப்பாக் கிழிஞ்சிருக்கு."

"இல்லைங்களே."

நான் வெட்டினேன் என்று சொல்லவும் முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கடைக்காரப் புத்தி, மிரட்டிப் பார்த்தது.

"கிழிஞ்சிருக்குன்னு சொல்லிட்டுப் புதுசு மாட்டிட்டுப் போயேன். வீட்டுக்கு வரப்போற பிள்ளை, வாசல்லயே என்கூட மல்லுக்கட்டணுமா?"

அவன் முகம் சிவந்தது. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. கையைத் துணியில் துடைத்தான், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"அப்படிச் சொன்னா உங்களுக்குச் சந்தோஷம்தான் ஐயா. ஆனா கிழியலையே. என்ன பண்ண?"

மூன்றாவதை என் கையில் கொடுத்தான். தடவினேன். மடக்கினேன். என் வெட்டைக் காணோம்.

"அது ரெண்டும் பழசு, இது புத்தம் புதுசு. இப்பதான் யாரோ மாட்டியிருக்காங்க. நட்டெல்லாம்கூட அளவா முடுக்கியிருக்கு. எண்ணெய மாத்த மட்டும் மறந்துட்டாங்க."

"மறக்கலை."

என் முதுகுக்குப் பின்னால் மகள். கையில் புது எண்ணெய் டப்பா.

"விடியக்காலையில பிளேடு வெட்டைப் பாத்துட்டு ரப்பரை நான்தான் மாத்தினேன். வெளுத்த எண்ணெயையே வேணும்னு திரும்ப ஊத்தினேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "கிழிஞ்சதைக் கிழிஞ்சதுன்னு யாரு வேணா சொல்லுவாங்கப்பா. உங்களுக்குப் பயந்து நல்லதைக் கிழிஞ்சதுன்னு சொல்றாரான்னு எனக்குத் தெரியணும். சொல்லியிருந்தா இந்த டப்பா உள்ளேயே இருந்திருக்கும்."

மெக்கானிக் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ரெண்டு பேருமா?"

கையிலிருந்த ரப்பரை அவனிடம் நீட்டினேன்.

அவன் திரும்பி உட்கார்ந்து ரப்பர்களை ஒவ்வொன்றாக மாட்டினான். மூடிகளை வைத்து நட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். முடித்ததும் சாமான்களைப் பையில் அடுக்க ஆரம்பித்தான். டப்பாவை அவன் வாங்கவே இல்லை.

மகளின் விரல்கள் டப்பாவின் கைப்பிடியை இறுக்கின. சந்தையில் எத்தனையோ பேர் விலை கேட்டுவிட்டு எழுந்து போனதைப் பார்த்தவன் நான். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பைக்குள் கையை விட்டுத் துழாவினான். எண்ணெய் ஊற்றுகிற சின்னப் புனல் ஒன்றை எடுத்துப் பம்பின் தலையில் செருகினான். டப்பாவுக்காக அவளிடம் கையை நீட்டினான்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"ஷாஃப்ட்டை நீங்க கையால சுத்துங்க மாமா. மெதுவா. உள்ள காத்து நிக்கக் கூடாது."

சுற்றினேன்.