நீக்கப்பட்ட பாடம்

“அவர்கள் தட்டில் உண்ணாதே.”

கூடத்திலிருந்து வந்த குரலைக் கேட்டு சர்கூன் அப்படியே நின்றான்.

குரல் அவன் மகள் நஹ்ரினுடையதுதான். ஐந்து வயது. ஆனால் குழந்தை பேசுகிற பேச்சாக இல்லை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. யாரோ வயசாளி அவள் தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு பேசுவது போலிருந்தது. அதுவும் வீட்டில் யாருமே பேசாத புத்தக அரபியில்!

எட்டிப் பார்த்தான். பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தாள். ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“அவர்கள் சிரித்தால் நம்பாதே.”

“நஹ்ரின்!”

அவன் போட்ட சத்தத்தில் குழந்தை வீலென்று அழ, அடுப்படியிலிருந்து மனைவி ஷமிரான் ஓடி வந்தாள்.

அந்த வரிகள் எதிலுள்ளவை என்று சர்கூனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாஷிங்டனில் அவனுக்கு உத்தியோகமே அதுதான். வெளிநாட்டுப் பள்ளிப் புத்தகங்களில் பிற மதத்தாரைப் பழிக்கிற வரி இருக்கிறதா என்று பார்த்து அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். இது வளைகுடா நாடு ஒன்றின் மூன்றாம் வகுப்புப் பாடம். இவன் அலுவலகம் கரடியாய்க் கத்தி, அந்த நாடே வெட்கப்பட்டு எடுத்துவிட்ட பாடம். இன்றைக்கு அங்கே ஒரு பிள்ளைக்கும் தெரியாது. அமெரிக்காவிலேயே, வர்ஜீனியாவில் பிறந்த இவளுக்கு எப்படித் தெரியும்? புத்தகங்களைக்கூட அவன் தன் அறையில்தான் பூட்டி வைக்கிறான்.

“கீழ் வீட்டுக்காரிதான். வேற யாரு?” என்றான் ஷமிரானிடம்.

“முனீராக்காவா? வாய் கூசாம சொல்றீங்களே! அவங்க பார்த்துக்கலேன்னா நான் ஆஸ்பத்திரி வேலைக்கே போக முடியாது.”

“அவ எந்த நாடு? அந்த நாடுதானே? அங்க படிச்சவதானே? நாம கிறிஸ்தவங்கன்னு தெரிஞ்சே நம்ம புள்ளைக்கு விஷத்தை ஊட்டியிருக்கா ஷமிரான். மோசூல்ல நம்ம வீட்டுக் கதவுல கிறிஸ்தவன் வீடுன்னு குறி போட்டானே, அவனும் இப்படித்தான் எங்கேயாவது உட்கார்ந்து மனப்பாடம் பண்ணியிருப்பான்!”

ஈராக்கில் எல்லாவற்றையும் விட்டு அவர்கள் ஓடி வந்த ஊர் அது. மோசூல் என்று சொல்லிவிட்டால் ஷமிரானுக்கு அப்புறம் பேச வராது. குழந்தையை அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சர்கூன் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனான்.

முனீராவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகன் எங்கோ தூரத்தில். நஹ்ரின் வந்தால்தான் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும்.

“வா தம்பி, காவா காப்பி குடிக்கிறியா? இப்பத்தான் இறக்கினேன்.”

“அதெல்லாம் வேண்டாம். எம் பொண்ணு பாடம் ஒப்பிக்கிறா. அவங்க தட்டுல சாப்பிடாதேன்னு.”

முனீராவின் முகம் வெளுத்துவிட்டது.

“முழுசாவா சொன்னா?”

“ரெண்டு வரி கேட்டேன். போதாதா? நீங்கதானே சொல்லிக் குடுத்தது? இல்லேன்னு சொல்லுங்க, பார்க்கலாம்!”

அவள் வாயைத் திறந்தாள். அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

“நாளையிலேர்ந்து புள்ளைய அனுப்ப வேண்டாம் தம்பி,” என்றாள். “ஆனா அவளை மிரட்டாதே. அவளுக்கு அர்த்தம் தெரியாது.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சர்கூனுக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை.

“மறுக்கக்கூட இல்லை, பார்த்தியா?” என்றான் மனைவியிடம். அவனுக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் ஷமிரான் வேலைக்குப் போய்விட்டாள். நஹ்ரினைப் பொம்மைகளோடு கூடத்தில் விட்டுவிட்டு, அவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனில் வேலையை ஆரம்பித்தான்.

எடுத்த பாடம் வேறெந்தப் புத்தகத்திலாவது திரும்பவும் உள்ளே நுழைந்துவிட்டதா என்று வருஷா வருஷம், வாரக்கணக்கில் பார்ப்பார்கள். பழைய புத்தகத்தை இவன் வரி வரியாக, புள்ளிகூட விடாமல் வாய்விட்டுப் படிப்பான். மறுமுனையில் டெல்ஃபின் என்கிற பெண் புதுப் புத்தகத்தில் விரல் வைத்துச் சரிபார்ப்பாள். எடுத்த வரி வந்தால் ‘நீக்கம்’ என்று இவனே சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போவான். எத்தனையோ முறை படித்துப் படித்து, உணர்ச்சியே இல்லாமல் வாய் பாட்டுக்கு ஓடும்.

“அவர்கள் இறந்தால்...”

தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீர் எடுத்தான்.

“...அழாதே,” என்றது குரல்.

அவன் வாயில் தண்ணீர் இருந்தது.

“முற்றுப்புள்ளி. புதிய பதிப்பில் நீக்கம். அடுத்த பக்கம்.”

“என்ன சர்கூன்,” என்றாள் டெல்ஃபின் போனில், “குரல் ஒரு மாதிரி இருக்கு?”

எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். கதவோடு காதை ஒட்டி உட்கார்ந்திருந்த நஹ்ரின் சாய்ந்து அவன் காலடியில் விழுந்தாள். சிரித்தாள்.

“கண்ணு... இது முனீரா பெரியம்மா சொல்லிக் குடுத்தது இல்லையா?”

“அய்யோ அப்பா! இது நீங்க உள்ள பாடுற பாட்டுதானே. நான் இங்க உட்கார்ந்து கேட்டுக் கேட்டு முழுசாப் படிச்சுட்டேன்.”

“பெரியம்மாகிட்ட பாடிக் காட்டினியா?”

“ம். எங்கப்பா பாட்டுன்னு சொல்லிப் பாடினேன். அவங்க அழுதாங்க. என்னை மடியில வெச்சுக்கிட்டு, ‘இது உங்கப்பாகிட்டேர்ந்து வந்ததுன்னு அவருக்கு மட்டும் தெரிஞ்சுடக்கூடாதும்மா, பாவம், தாங்க மாட்டார்’னாங்க.”