முகத்துக்கு மட்டும் வெளிச்சம்

“என் முகத்துல மட்டும் வெளிச்சத்த அள. மத்ததெல்லாம் இருட்டாப் போனாப் போகட்டும்” என்றார் தன்னம்பிக்கைப் பேச்சாளர், மேடை விளிம்பில் ஹாலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி. மனிதருக்குத் தன் முகத்தின் மேல் அப்படி ஓர் அபிமானம்.

கேமராவோடு எதிரே நின்றவள் அவருடைய கொழுந்தியாள். பள்ளிக்கூடங்களில் குரூப் போட்டோ எடுத்தே பேர் வாங்கியவள். ஒரு தலை மறைந்தாலும் அவளுக்குப் பொறுக்காது.

“அது ஸ்பாட் மோடு மாமா. மேல லைட்டு சுள்ளுன்னு எரியுது. உங்க முகத்துக்கு மட்டும் அளந்தா பின்னாடி ஒண்ணுமே தெரியாது. எல்லாத்தையும் சேத்து அளக்கிற மேட்ரிக்ஸ் மோடுல எடுக்கறேனே? முகம் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான்.”

“ஏம்மா, நீ என் கட்சியா, உங்க அண்ணன் கட்சியா?”

அவள் கேமராவை ஸ்பாட் மோடுக்கு மாற்றினாள். பெரிய மாநாடு ஒன்றில் பேச ஆள் தேடுகிறார்கள்; இன்றைய நிகழ்ச்சியின் போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு. அது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அவர் மச்சான், அதாவது அவள் அண்ணன், கடையில் சிமெண்டு மூட்டை இறக்க வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

அவரே போய் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு வந்து, கையை உயர்த்தி நின்றார். பின்னுக்கு நகர்ந்தவளின் காலில் டீ பிளாஸ்க் இடித்தது. எல்லாருக்கும் ஊற்றியாகிவிட்டது, ஆனாலும் கழுத்துவரை டீ இருந்தது.

போட்டோவில் அவர் முகம் பளிச்சென்று விழுந்தது. பின்னால் மை இருட்டு. அதற்குள் ஆயிரம் பேர் மூச்சை அடக்கிக் கேட்பதுபோல் இருந்தது.

அனுப்பிய பத்தாவது நிமிடம் மாநாட்டுக்காரர்களிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“அசந்துட்டோம் சார்! ‘கூட்டத்தைக் கவர்வது எப்படி’ன்னு தலைப்பு, பேச்சைக் கேக்க இப்படி ஒரு கூட்டம்! மேடை உங்களுக்குத்தான்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ‘பாத்தியா?’ என்பதுபோல் கொழுந்தியாளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“ஒரே ஒரு வேண்டுகோள் சார். முன்னாடி ஐந்நூறு சீட்டு உங்களுக்குன்னு ஒதுக்கிட்டோம். இன்னிக்கு வந்தவங்கள அப்படியே கூட்டிட்டு வந்துடுங்க.”

போனை வைத்தவர் அவள் பக்கம் திரும்பினார். “இப்ப என்னம்மா பண்றது?”

அவள் நிதானமாக லென்ஸை மூடினாள்.

“நாற்காலிய எல்லாம் லாரில ஏத்துங்க மாமா. இன்னிக்கு வந்தது அது மட்டுந்தானே!”