முதல் மனு

"அந்த ஆள் வீட்டுக்கா? நான் வரமாட்டேன்மா."

படகை விட்டு இறங்கி நாலடி வைக்கவில்லை, அதற்குள் வக்கீலம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீ வராட்டிப் போ. நான் பார்த்துட்டு வரேன்" என்றாள் அம்மா. எழுபத்தாறு வயசு, முழங்கால் வலி. பிடிவாதத்துக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

வேறு வழி? வக்கீலம்மா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நடந்தாள்.

முப்பத்தைந்து வருஷம் கழித்துப் பார்க்கிற ஊர். அதே துறைமுகத் தெரு, அதே உப்புக் காற்று, தொட்டால் கையோடு உதிர்கிற அதே சுண்ணாம்புச் சுவர். ஒதுங்க ஒரு மரம் கிடையாது, அப்பவும் இப்பவும். ஆனால் வீட்டுக்கு வீடு குழாய்! ஒரு பெண் சர்வசாதாரணமாக வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் இந்தத் தீவில் வாசலுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஊரே அடிக்க வந்திருக்கும்.

அப்போதெல்லாம் தண்ணீர் கப்பலில்தான் வரும். செவ்வாயும் வெள்ளியும். சங்கு ஊதியதும் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். அடடா, அந்தச் சத்தமும் அந்த ஓட்டமும்! இப்போது நினைத்தாலும் வக்கீலம்மாவுக்குக் கால் பரபரத்தது.

கப்பலிலிருந்து துறைமுக வாசல்வரை நீளமாக ஒரு ரப்பர் குழாய் கிடக்கும். அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு 'கறார்' நிற்பார். அது ஊர் வைத்த பேர். வீட்டுக்கு ரெண்டு குடம், அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது.

அம்மாவைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.

"ஏய், உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு? போ கடைசிக்கு!"

"பெரிய மகாராஜா, உத்தரவு போடறாரு!" என்று அம்மாவும் கத்துவாள். கத்திவிட்டு, கடைசிக்குத்தான் போவாள்.

வெறுங்காலோடு வெயிலில் கூடவே நின்ற பதிமூணு வயசு மகளுக்கு வயிறு எரியும். ஒருநாள் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, அம்மாவிடம்கூடச் சொல்லாமல், துறைமுக அதிகாரிக்கு ஒரு மனு எழுதினாள். ஒரே வாரம். கறாரை உப்புக் கிடங்கு வேலைக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

"அன்னைக்கே நான் வக்கீல் ஆயிட்டேன்" என்று மேடைக்கு மேடை சொல்வாள். நாளைக்கு இந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் அதைத்தான் பேசப்போகிறாள்.

கறார் தன் வீட்டு வாசலில், பாதியாக இளைத்துப்போய் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் தட்டுத்தடுமாறி எழுந்தார்.

"வாங்கம்மா, வாங்க! இதான் நம்ம வக்கீலா?"

'நம்ம வக்கீலாமே!' வக்கீலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, இவ அந்த மனுக் கதையை நாளைக்கு மேடையில பேசப்போறாளாம். உங்க ஊர்ல, உங்க முன்னாடியே..."

"பேசட்டுமே! நானும் முன்வரிசையில வந்து உக்கார்றேன்."

"உங்களுக்குச் சங்கடம்னு நான் பேச்சை மாத்த முடியாதுங்க" என்றாள் வக்கீலம்மா. "நடந்தது நடந்ததுதானே?"

"என்னடி நடந்தது? உனக்கு என்ன தெரியும்?" அம்மா பொரிந்து தள்ளிவிட்டாள். "அப்பா போனப்புறம் கப்பல்காரங்க துணி துவைச்சுத்தானே உங்க அஞ்சு பேருக்கும் சோறு போட்டேன்? ரெண்டு குடத்துல துவைக்க முடியுமா? கப்பல்ல தண்ணியை நிறுத்தினப்புறமும் அவ்வளவு நீளக் குழாய்க்குள்ள ஏழெட்டுக் குடம் தங்கியிருக்கும். அது யாருக்கும் சேர்த்தி இல்லை, கடல்லதான் விடணும். கடைசி ஆளா நின்னாத்தான் அது கிடைக்கும். நம்ம ரெண்டு குடத்தைத் தூக்கிட்டு நீ வீட்டுக்குப் போனப்புறம், இவர் குழாயை அந்தக் கோடியிலிருந்து தூக்கித் தூக்கி வடிச்சுக் கொடுப்பாரு."

"அப்ப... அந்தச் சண்டை?"

"ஊர் கண்ணுல மண்ணைத் தூவறதுக்கு! எப்பவும் கடைசியில நிக்கிறாளேன்னு யாரும் யோசிக்கக் கூடாதில்ல? நானும் பதிலுக்குக் கத்தணும்னு ஏற்பாடு."

"நல்லாவே கத்துவாங்க" என்றார் கறார்.

வக்கீலம்மா அவர் பக்கம் திரும்பினாள். "அதிகாரி கேட்டப்போ நீங்க சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மறுநாள் ஊரே கடைசியில நிக்கும். அப்புறம் உங்கம்மாவுக்கு என்ன மிஞ்சும்? அடுத்து வர்றவனாவது கொடுப்பான்னு பார்த்தேன்."

"அவன் கடல்ல விட்டான்" என்றாள் அம்மா. "துவைக்கிற வேலை நின்னுபோச்சு. மூணே மாசத்துல மூட்டை கட்டிட்டோம்."

"என் படிப்புக்காகத்தான் ஊரை விட்டுப் போறோம்னு சொன்னியேம்மா..."

அம்மா குனிந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை வருஷமா மேடை மேடையா பேசிட்டுத் திரியறேனே!" வக்கீலம்மா அழுதேவிட்டாள்.

"சொல்லணும்னுதான்டி இருந்தேன். மனு எழுதினது நீதான்னு தெரிஞ்ச அன்னிக்கே, உன்னைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து இழுத்துட்டு வந்து இவர் கால்ல விழ வைக்கணும்னுதான் கிளம்பினேன். இவர்தான் தெருவிலேயே மறிச்சுட்டாரு."

"என்னன்னு சொல்லி?"

"'அதிகாரி காட்டினாரும்மா, ஒரு பிழை இல்லாம எழுதியிருக்கா. அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க, பயந்துபோய் எழுதறதையே விட்டுடப்போறா'ன்னாரு."