கரியாக்கோ போய்வர டிக்கெட்

கிரெனடாவிலிருந்து கரியாக்கோ தீவுக்குக் காலையில் படகேறினால் சாயங்காலமே திரும்பிவிடலாம். வீட்டு வேலையெல்லாம் கவனிக்கும் இயந்திரக் குரல் டிக்கெட் எடுத்திருந்தது: போக இரண்டு, வர ஒன்று.

"இதைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியாதா உனக்கு?" இளவரசு மனைவியை அறைந்த அறையில் பூங்கோதையின் தலை சுவரில் மோதி உதடு கிழிந்தது. "நான் வர்றதுக்குள்ள சரி பண்ணி வை" என்று குளிக்கப் போனான்.

ரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் இயந்திரக் குரலிடம் கேட்டாள், "ஏன் ஒண்ணு?"

"கல்யாணமான நாள்லேருந்து உங்க ரெண்டு பேரையும் பார்க்கிறேன். என் கணிப்பு தப்பினதில்லை."

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "திரும்பி வர்றது அவர்தானே?"

"இல்லம்மா. நீங்க."

அதுவரை அவளுக்கு அப்படியொரு நினைப்பே வந்ததில்லை. பயணப் பையிலிருந்து பழம் நறுக்கும் கத்தியை எடுத்துவிட்டு, மீன் வெட்டும் கத்தியை வைத்தாள்.