ஸ்டாம்பும் தூக்குக்குண்டும்

பள்ளிக்கூடத்துக்குப் புதுச்சுவர் எழும்பியிருந்தது. ஆபீசிலிருந்து வந்த ரப்பர் ஸ்டாம்பு, சுவரை ஏறிட்டும் பாராமல் ‘நேராக உள்ளது’ என்று அதன்மேல் ஓங்கிக் குத்தியது.

அப்புறம்தான் கொத்தனார், சுவர் நேரா என்று பார்க்கத் தூக்குக்குண்டைச் சுவரோரம் கயிற்றில் இறக்கினார். கீழே வந்த குண்டு சுவரைப் பார்த்தது. தனக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

“ஐயா, சுவர் சாயுதுங்க.”

“நான் குத்தின பிறகு சாயுமா? ஒழுங்கா ஒட்டி நில்லு!” என்று அதட்டியது ஸ்டாம்பு.

“உனக்கேன் வம்பு? நாளைக்கு மேலே தளம் போடணும். ஒட்டித்தான் நில்லேன்,” என்று சட்டியிலிருந்து சாந்து பூசும் கரணை கிசுகிசுத்தது.

குண்டுக்கும் பயம்தான். “இதுக்குக் கீழேதானே புள்ளைங்க உட்காரப் போகுது,” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆடாமல் அசையாமல் அங்கேயே தொங்கியது.

கொத்தனார் குனிந்து அந்த இடைவெளியில் விரல்களை விட்டுப் பார்த்தார். போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார்.

பத்து நாளில் வேறு சுவர் எழும்பியது. குண்டு இறங்கிவந்து சுவரைப் பட்டும் படாமலும் நின்றபோது, அதற்கு அப்பாடா என்றிருந்தது.

ஸ்டாம்பு மறுபடி வந்தது. இந்த முறையும் ஏறிட்டுப் பாராமல் ‘நேராக உள்ளது’ என்று குத்தியது.

“இப்போ சரிங்கய்யா,” என்றது குண்டு.